மின்துடிப்பை மாற்றும் நெறி

கணிப்பொறிச் சில்லினுள் விநாடிக்குப் பல கோடி முறை எழுந்து தாழும் மின்துடிப்பைக் ‘கிளாக்’ என்பர். வேலை மிகும்போது அதனை விரைவுபடுத்தியும், ஓய்ந்தபோது தணித்தும் நடத்தினால் மின்சாரம் மிச்சப்படும், உஷ்ணமும் குறையும். ஆனால் ஒரே துடிப்பை நம்பிப் பல உறுப்புகள் ஜீவிப்பதால், ஒன்றன் நன்மைக்கென்று செய்யும் மாற்றம் மற்றொன்றுக்கு விபத்தாக முடிவதுண்டு.

2016-ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை 3 என்னும் சிறு கணிப்பொறியில், முதன்மையான சீரியல் சாதனம் புளூடூத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், வெளியிலுள்ள பொறியோடு எழுத்துக்களைப் பரிமாறும் பொறுப்பு ‘மினி யூஆர்ட்’ என்னும் எளிய உறுப்பின்மேல் விழுந்தது. அதுவோ சில்லின் மையத் துடிப்பை வகுத்தே தன் வேகத்தை அமைத்துக்கொள்வது. மையத் துடிப்பான 250 மெகாஹெர்ட்ஸை 8-ஆலும் பின்னர் 271-ஆலும் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 1,15,300 பிட் கிடைக்கும். மறுமுனை எதிர்பார்ப்பது 1,15,200 ஆகையால் பரிமாற்றம் பழுதின்றி நடக்கும். வேலை பெருகி மையத் துடிப்பு 400 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்ந்து, வகுக்கும் எண் மட்டும் மாறாதிருந்தால், வேகம் 1,84,500 ஆகிவிட, திரையில் அர்த்தமற்ற குறிகள் வந்து கொட்டும். ஆதலால் அச்சாதனத்தைக் கன்சோலாகக் கொள்ளும்போது மையத் துடிப்பை 250-இலேயே நிலைநிறுத்திவிடுகிறார்கள். விபத்து நீங்குகிறது, கூடவே கூடுதல் வேகமும் போய்விடுகிறது.

இதனினும் மேலான மார்க்கத்தை, 2012-இல் லினக்ஸ் கெர்னலின் 3.4-ஆம் பதிப்பில் சேர்ந்த பொதுக் கிளாக் கட்டமைப்பு வகுத்தளித்தது. எந்தத் துடிப்பு எதிலிருந்து கிளைக்கிறது என்பதை மரமாக அறிந்துவைத்திருக்கும் அக்கட்டமைப்பு, மாற்றம் வேண்டி ஒரு டிரைவர் (ஓர் உறுப்பை இயக்கும் மென்பொருள்) விண்ணப்பித்ததும், அத்துடிப்பைச் சார்ந்து அறிவிப்புக்குப் பதிந்துகொண்டவற்றுக்கெல்லாம் முன்னரே செய்தி சொல்லி, அவற்றுள் ஒன்று மறுத்தாலும் முயற்சியைக் கைவிடுகிறது. வலியதன் விருப்பம் ஒன்றே பிரமாணமாகாத இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

வன்பொருளிலும் கிரமம் உண்டு. வேகத்தை உயர்த்துமுன் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். தாழ்த்தும்போதோ வேகம் முதலில் இறங்க வேண்டும். துடிப்பைப் பெருக்கித் தரும் பி.எல்.எல். சுற்றின் அமைப்பை மாற்றினால், அது மீண்டும் ஸ்திரப்படும்வரை அதன் துடிப்பை நம்பலாகாது ஆகையால், அதுவரை பிராசஸரை வேறொரு நிலையான துடிப்புக்கு மாற்றிவைப்பது வழக்கம். அங்ஙனமின்றி அரைகுறைத் துடிப்பொன்று உள்ளே புகுந்தால், சில ரிஜிஸ்டர்கள் அதனை ஏற்கவும் சில தவறவிடவும், தரவு ஓசையின்றிக் கெட்டுப்போகும். பொறி நின்றுபோவதைக் காட்டிலும் இது கொடியது.

பொதுக் கிளாக் கட்டமைப்பின் முன்னறிவிப்பு நெறியை, ஜைலிங்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜிங்க் சில்லுக்குரிய சீரியல் டிரைவரிடம் கண்கூடாகக் காணலாம். முன்னறிவிப்பு வந்தவுடன், வரப்போகும் துடிப்பிலிருந்து தற்போதைய பாட் வேகத்தை, அதாவது விநாடிக்கான பிட் எண்ணிக்கையை, பெற இயலுமா என்று அது கணக்கிட்டு, இயலாதெனில் மறுத்துவிடுகிறது. இயலுமெனில் அனுப்புதலையும் பெறுதலையும் நிறுத்திவைத்து, மாற்றம் முடிந்த செய்தி கிடைத்ததும் வகுக்கும் எண்ணைப் புதுக்கணக்குப்படி எழுதி, இரண்டையும் மறுபடி திறந்துவிடுகிறது.