உங்களுக்குத் தெரியுமா? மாதங்கள் கழிந்தும் கை தேறும்

பாரிசவாதம் வந்து சில மாதங்கள் போய்விட்டால், இழந்த கை இழந்ததுதான் என்று கிண்ணியாவில் மட்டுமல்ல, எங்கும் சொல்லக் கேட்கலாம். சான்று வேறு சொல்கிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பாதிப்பு வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதாவது அசைவு மிஞ்சியிருந்தது. ஒரு பகுதியினரின் நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையாலேயே இரண்டு வாரம் வேலை செய்யவைத்தார்கள். ஓராண்டு கழித்தும் அந்தக் கை, வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. இறந்த மூளைக் கலங்கள் உயிர்பெறுவதில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு எஞ்சிய கலங்களைப் புதிதாகப் பழக்குகிறது. எண்ணெய் பூசி உருவிவிடுவது இதம்தான். ஆனால் மூளைக்குப் பாடம் சொல்வது, தானே முயலும் கை.

அப்படியானால் முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கலாமே என்று கேட்கலாம். கூடாது. 24 மணிநேரத்துக்குள் அடிக்கடி எழுப்பிப் பயிற்சி தந்தவர்கள் மூன்று மாதத்தில் குறைவாகவே தேறியிருந்ததை 2015இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அளவை இயன்மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அவரிடம் போய்வரும் தூரம் ஒரு தடைதான். ஆனால் பாதைக்காகத் துறையில் காத்திருந்த காலம் 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு போயிற்று. மேலும், பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. தேநீர்க் கோப்பையை நோயாளியே தூக்கட்டும், சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். அன்பினால் அவசரப்பட்டு நீங்கள் செய்துவிடாதீர்கள்.