புலப்பெயர் காட்டும் செங்கற்சூளைகள்

ஒரு மாளிகை இடிந்தாலும் அதன் செங்கற்கள் மண்ணிற் கிடந்து அதன் வரலாற்றைக் கூறும். அச்செங்கற்கள் சுடப்பட்ட இடமோ பெரும்பாலும் சுவடின்றி மறைந்துவிடுகிறது. மண்ணைப் பிசைந்து, அச்சில் அறுத்து, உலர்த்தி, விறகோடு அடுக்கிச் சுட்டபின், சூளையையே பிரித்து வண்டியேற்றிவிடுவர். நிலம் மீண்டும் ஏர் காணும். அங்கு எஞ்சுவது பல வேளைகளில் பெயர் ஒன்றே.

இதற்கு நல்ல சான்றுகளை இங்கிலாந்தில் காண்கிறோம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தும் முறையைப் பணவரியாக மாற்ற 1836இல் அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி எழுந்த நிலப்படங்களின் பதிவேடுகளில் உடையவர், பயிரிடுவோர், பரப்பு ஆகியவற்றோடு வயலின் பெயரும் பெரும்பாலும் எழுதப்பட்டது. ‘பிரிக் கில்ன் ஃபீல்டு’, அதாவது செங்கற்சூளை வயல், என்னும் பெயர் பல ஊர்ப் பதிவேடுகளில் உள்ளது. கனமான செங்கல்லை வண்டியில் நெடுந்தொலைவு கொண்டுசெல்வது பெருஞ்செலவு. ஆகவே இருப்புப்பாதை பரவுமுன், கட்டடத்திற்கு அருகே கிடைத்த களிமண்ணிலேயே செங்கல் அறுத்தனர்.

எனினும் பெயரை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. ‘கில்ன்’ என்பது சுண்ணாம்புச் சூளையையும் குறிக்கும். சூளைக்குப் பக்கத்து வயலும் அப்பெயரைப் பெற்றிருக்கலாம். மண் எடுத்த பள்ளம், வெந்து சிவந்த மண், உருகிக் கறுத்த செங்கல் ஆகியன அவ்விடத்தே காணப்படின் பெயர் வலுவான சான்றாகிறது.

இந்நெறி நமக்கும் பொருந்தும். சென்னையில் சூளை, சூளைமேடு, மதுரையில் காளவாசல். காளவாசல், காளவாய் என்பனவும் சூளையைக் குறிக்கும் சொற்களே. செங்கல், சுண்ணாம்பு இரண்டிற்கும் அவை வழங்குதலின் இங்கும் அவ்வெச்சரிக்கை வேண்டும்.

நகரப் பெயர்கள் பேருந்துப் பலகையிலேனும் நிலைத்துவிட்டன. சிற்றூர் வயல்களின் நிலை அவ்வாறன்று. அரசின் நில ஆவணங்களில் அவற்றை அடையாளம் காட்டுவன புல எண்களே. பெயர்களோ பெரும்பாலும் உழுதவர் நாவில் வாழ்கின்றன. வயல் மனைப்பிரிவாக மாறின் அப்பெயரைச் சொல்வாரும் இலர். ஆதலின் மாணவர்கள் விடுமுறையில் தம் ஊர்ப் பெரியோரை அணுகி, வயல்தோறும் பெயர் கேட்டு, புல எண்ணோடு எழுதி, நேரிற் சென்று மண்ணையும் பார்த்துவருதல் வேண்டும். பெரியோரும் இவை அற்பச் செய்திகள் எனக் கருதாது சொல்லுதல் வேண்டும். அரண்மனை கட்டிய மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. அதற்குக் கல் அறுத்தவருக்கு வயலின் பெயரே கல்வெட்டு.