குறிமொழி அறியாதார் கட்டிய ஊர்

1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், நெக்ஸ்ட் என்ற கணினியின் முன் அமர்ந்து டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் உலகின் முதல் இணைய உலாவியை இயற்றியபோது, பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரிய கருவியாகவே அதை அமைத்திருந்தார் என்பது இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். திரையில் தெரியும் பக்கத்திலேயே சொற்களைத் தட்டலாம். வேறொரு பக்கத்துடன் இணைக்கலாம். பின்னால் ஒரு குறிமொழி வேலை செய்வதை எழுதுகிறவர் உணரவும் வேண்டியதில்லை. ஆனால் அக்கருவி அந்த ஒருவகைக் கணினியில்தான் ஓடிற்று. பிற கணினிகளுக்கென 1993இல் வெளிவந்து பிரபலமடைந்த மொசைக் உலாவியில் படிக்கும் வசதிதான் இருந்தது. எழுதும் வசதி வழியிலேயே தவறிப்போயிற்று.

அதன் பிறகு இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வேண்டுமென்றால் எச்.டி.எம்.எல். குறிமொழியைப் பயிலத்தான் வேண்டும் என்றாயிற்று. அது பிரம்மவித்தையன்று. ஒரு சொல் தடித்துத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் இடவேண்டும், அவ்வளவே. எனினும் பின்குறியை மறந்தவனுடைய பக்கம் அவ்விடந்தொட்டு முடிவுவரை தடித்த எழுத்தாகவே நிற்கும். பூனை வளர்ப்பைப் பற்றி நாலு வார்த்தை எழுத வந்தவருக்கு இச்சிட்சை ஏன்?

இந்தச் சிரமத்தைத் தீர்க்க எழுந்தவற்றுள் என் மனத்துக்கு மிக உகந்தது, கலிபோர்னியாவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ். இணையத்தை அவர்கள் ஒரு நகரமாகவே பாவித்தார்கள். சினிமா ரசிகர்களுக்கு ஹாலிவுட், கணினிப் பிரியர்களுக்கு சிலிக்கான் வேலி, தத்துவம் பேசுவோருக்கு ஏதென்ஸ் என்று பேட்டை பேட்டையாகப் பிரித்து, வந்தவருக்கெல்லாம் கதவிலக்கத்தோடு இலவசமாக மனை கொடுத்தார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்து, வர்ணம் பொறுக்கினால் பக்கம் தயார். மின்னும் நட்சத்திரங்களும், வருகிறவர்களை எண்ணும் இலக்கப் பெட்டியும், மண்வெட்டியோடு ஒருவன் ஓயாமல் தோண்டிக்கொண்டிருக்கும் 'வேலை நடக்கிறது' என்ற அறிவிப்புப் படமுமாக அவ்வூர் விளங்கிற்று. சித்திரக் கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ அது திருவிழாக் கடைத்தெருவைப்போல் தோன்றுகிறது; அதில் அவலட்சணம் உண்டு, ஆனால் ஒரு கடை இன்னொரு கடையைப்போல் இராது.

மேரிலாண்ட் பல்கலைக்கழக விடுதி அறையில் அந்தோணி கசலேனா என்ற மாணவர் 2003இல் தொடங்கிய ஸ்கொயர்ஸ்பேஸும், 2006இல் இஸ்ரேலில் பிறந்த விக்ஸும் இவ்வழியை மேலும் சௌகரியமாக்கின. நாம் ஒரு படத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்து வைக்கும்போது, நகர்வது உண்மையில் படமன்று. இன்ன படம், இன்ன இடம், இவ்வளவு அகலம் என்று மென்பொருள் தன் பேரேட்டில் ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறது. பிறகு அப்பேரேட்டிலுள்ள விவரங்களைக் கொண்டு, நாம் அறியாத குறிமொழியைத் தானே எழுதி, பார்வையாளரின் உலாவிக்கு அனுப்பிவைக்கிறது. அகன்ற திரையில் அரைநாள் உட்கார்ந்து நான் அழகுபடுத்திய ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தபோது, தலைப்பு படத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. குறுகிய திரைக்கெனத் தனியாக வேறு வரிகள் அப்பேரேட்டில் வேண்டுமென்பதை அன்றுதான் கற்றேன்.

பேரேடு யாரிடம் இருக்கிறது என்பதே இங்கு பிரதானமான கேள்வி. 2003இலேயே தோன்றிய வேர்ட்பிரஸ், மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருளாதலால், அதில் எழுதியவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குக் குடிபெயரலாம். விக்ஸில் அமைத்த தளமோ விக்ஸில்தான் ஓடும். எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு போகலாமே தவிர, வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

ஜியோசிட்டீஸில் குடியேறியவர்கள் இதை அனுபவத்தில் கண்டார்கள். 1999இல் ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்புக்கு யாகூ அந்நகரை வாங்கி, பக்கங்களில் உள்ளவற்றின்மீது தனக்கும் பாத்தியதை உண்டென்ற தொனியில் நிபந்தனை விதித்தபோது குடிகள் திரண்டெழுந்து எதிர்க்கவே, நிபந்தனை மாற்றப்பட்டது. ஆனால் 2009 அக்டோபரில் அமெரிக்க ஜியோசிட்டீஸ் அடியோடு மூடப்பட்டபோது எந்த எதிர்ப்பும் பலிக்கவில்லை. ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர் குழுவினர் இரவு பகலாகப் பிரதியெடுத்துக் காத்த பக்கங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றில், சொந்தக்காரர் எங்கோ போய்விட்ட பின்னும், அந்த மண்வெட்டிக்காரன் தோண்டிக்கொண்டே இருக்கிறான்.