பேருந்தில் ஏறத் தயங்கும் பெருநகரம்

(பி.ஏ. பொருளாதாரம், மூன்றாமாண்டு மாணவி)

என் தந்தை அரசுப் பேருந்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நடத்துநராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சம்பளத்தில்தான் நானும் என் அக்காவும் படித்தோம். திருமணமான பின் அக்கா அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் குடியேறினாள். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில், "ஒரு வாரமா வீட்டை விட்டு எங்கேயும் போகலைப்பா. அவருக்கு வேலை. எனக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதே" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, அந்த ஊர்ல பஸ்ஸே கிடையாதா?"

"இருக்குப்பா. ஆனா அதுல யாரும் போறதில்லை."

தந்தை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற மகளே பேருந்தை இளப்பமாக எண்ணத் தொடங்கிவிட்டாளோ என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பேருந்து இருந்தும் மக்கள் ஏன் ஏறுவதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தறிந்தவற்றை இங்கே எழுத முற்படுகிறேன்.

செந்நிற வண்டிகள்

லாஸ் ஏஞ்சல்ஸ் பிறக்கும்போதே கார்களின் ஊராகப் பிறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு நிற மின்வண்டிகள் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தண்டவாளத்தில் அந்தப் பகுதியெங்கும் ஓடின. அவற்றுக்கு வித்திட்ட ஹென்றி ஹண்டிங்டன் என்ற செல்வர் நிலமும் வைத்திருந்தார். வண்டி போகும் இடத்தில் மனை விலை ஏறும். மனை விற்ற பணமே பெரிய வரவு. மனைகள் விற்றுத் தீர்ந்தால் வண்டியைப் பேணும் அக்கறையும் குறைவது இயல்புதானே?

இதற்கிடையில் கார்கள் பெருகித் தெருக்களை அடைத்தன. தண்டவாளத்தை விட்டு விலக முடியாத டிராம் வண்டிகள் அவற்றின் நடுவே சிக்கித் திணறின. 1920 ஏப்ரலில் நகர மையத்தில் பகல்வேளையில் கார் நிறுத்தக் கூடாதென்று தடை விதித்தார்கள். வணிகர்களும் கார் வைத்திருந்தவர்களும் கொதித்தெழவே, சில வாரங்களிலேயே அத்தடை தளர்ந்தது. எந்த வண்டிக்கு முதலிடம் என்ற கேள்விக்கு அந்நகரம் அன்றே விடை சொல்லிவிட்டது எனலாம்.

கார் நிறுவனங்கள் சதி செய்து டிராமை ஒழித்தன என்று ஒரு கதை பரவலாக வழங்குகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்களின் பணத்துணை பெற்ற நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற கம்பெனி 1945இல் அந்நகரின் மஞ்சள் டிராம்களை வாங்கியது. பேருந்துகளையும் அவற்றுக்கு வேண்டிய பொருள்களையும் விற்பதில் கூட்டுச்சதி செய்தனர் என்று 1949இல் நீதிமன்றம் இந்நிறுவனங்களைத் தண்டித்தது. ஆனால் சிவப்பு வண்டிகள் அந்தக் கம்பெனியின் கைக்குப் போகவில்லை; அவையும் நலிந்தே போயின. கடைசிச் சிவப்பு வண்டி 1961இலும், கடைசி டிராம் 1963இலும் நின்றன. ஆகவே சதி மட்டுமே காரணமன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் 41,000 மைல் நெடுஞ்சாலை போட மத்திய அரசே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செலவை ஏற்றது. டிராமுக்கு அப்படிக் கொடுப்பார் இல்லை.

நிறுத்துமிடத்தின் விலை

ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார் நிற்க இடம் ஒதுக்க வேண்டும் என்பது அந்நாட்டு நகரங்களின் விதி. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 2010ஆம் ஆண்டு நிலவரப்படி 1 கோடியே 86 லட்சம் கார் நிறுத்துமிடங்கள் இருந்தனவென்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாவட்டத்தின் மக்கள்தொகையே சுமார் 1 கோடிதான்! நகர எல்லைகளுக்குட்பட்ட நிலத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு இதற்கே போய்விட்டது. கடைக்கும் வீட்டுக்கும் இடையே இப்படி வெற்றிடம் விரிந்துகிடந்தால் தூரம் கூடும், நடப்பது கடினமாகும், பேருந்து நிறுத்தமும் எட்டிப் போகும்.

டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில் இதன் பொருளாதாரத்தை விளக்கினார். இலவசமாகக் கார் நிறுத்தும் இடம் உண்மையில் இலவசமன்று. அதன் செலவு வீட்டு வாடகையிலும் கடைச் சரக்கின் விலையிலும் கலந்திருக்கிறது. ஆகவே பேருந்தில் வந்து அரிசி வாங்குபவரும், தமக்கில்லாத காருக்கு இடவாடகை கொடுக்கிறார். பேருந்து, ரயில் வசதி நன்கிருக்கும் இடங்களில் இவ்விதியை நீக்கக் கலிபோர்னியா 2022இல்தான் சட்டம் இயற்றியது.

காத்திருப்பின் கணக்கு

அடுத்த முறை அக்கா பேசியபோது தந்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடுறாங்க?"

"முக்கால் மணிக்கு ஒண்ணுப்பா. ஞாயித்துக்கிழமை அதுவும் குறைச்சல்."

"அப்படிச் சொல்லு! முக்கால் மணிக்கு ஒரு டிரிப் விட்டுட்டு, ஜனம் ஏறலைன்னா எப்படி? வண்டி வரும்கிற நம்பிக்கை இருந்தாத்தானே நிப்பாங்க!"

என் தந்தை அனுபவத்தில் கண்டதையே போக்குவரத்து ஆய்வுகளும் கூறுகின்றன. வண்டியில் அமர்ந்து செல்லும் ஒரு நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் காத்து நிற்கும் ஒரு நிமிடம் மனத்துக்கு ஏறத்தாழ இருமடங்கு கனமாகத் தோன்றுகிறதாம். வழியில் வண்டி மாற வேண்டுமானால் காத்திருப்பும் இருமுறை. போதாக்குறைக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2022 வாக்கில் ஏறத்தாழ எட்டாயிரம் நிறுத்தங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் நிழற்குடை இருந்தது. கொளுத்தும் வெயிலில் கம்பத்தடியில் நிற்பவரைக் கடந்து, குளிரூட்டிய கார்கள் விரைகின்றன. அங்கே நிற்பதே தாழ்வென்ற எண்ணம் அதன் பிறகு வந்து சேர்கிறது. வெட்கம் முதற்காரணமன்று, அது விளைவு.

யாரும் போவதில்லையா?

அக்கா சொன்ன "யாரும்" என்ற சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. உண்மையில் அந்நகரப் பேருந்துகளில் நாள்தோறும் பல லட்சம் பேர் போகிறார்கள். வீட்டுவேலை செய்வோர், உணவகத் தொழிலாளர், முதியோர், மாணவர். பெரும்பாலோர் கார் இல்லாத ஏழைகள். லத்தீன் அமெரிக்க வழியினரும் கறுப்பின மக்களுமே அதிகம். ரயில் பாதைக்குப் பெரும்பணம் செலவிட்டுக்கொண்டே பேருந்துக் கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்து, 1994இல் பேருந்துப் பயணிகள் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 1996இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நெரிசலைக் குறைக்கவும் புதிய வண்டிகள் வாங்கவும் போக்குவரத்து ஆணையம் ஒப்புக்கொண்டது.

வேறு வழியில்லாதவர்களுக்கே பேருந்து என்று ஒரு நகரம் முடிவுகட்டினால், எப்படி ஓட்டினாலும் அவர்கள் ஏறுவார்கள் என்ற அலட்சியம் வந்துவிடும். ஆனால் அவர்களும் எந்நாளும் அப்படியே இருப்பதில்லை. 2000 முதல் 2015 வரை தென் கலிபோர்னியாவில் மக்கள்தொகை சுமார் 23 லட்சம் கூடியபோது, வீடுகளில் உள்ள வாகனங்கள் சுமார் 21 லட்சம் கூடின. கார் வாங்க முடிந்த அன்றே ஏழையும் பேருந்தை விட்டு இறங்கிவிட்டார். பயணிகள் குறைய வண்டிகள் குறையும். வண்டிகள் குறையப் பயணிகள் மேலும் குறைவர்.

இந்தச் சுழலை உடைக்க இயலாதா? இயலும். அதே அளவு கார்களையே நம்பியிருக்கும் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்டில் தன் பேருந்துத் தடங்களை ஒரே இரவில் மாற்றியமைத்தது. முக்கியத் தடங்களில் வாரம் ஏழு நாளும் கால்மணிக்கு ஒரு வண்டி விட்டது. சனி, ஞாயிறுகளில் பயணிகள் கூடினர். ஊர் அதே ஊர்தான்; காத்திருப்பு குறைந்தது.

சென்ற பொங்கலன்று அக்கா பேசினாள். நேரப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பேருந்தில் நூலகத்துக்குப் போய்வருகிறாளாம். திரும்பும் வண்டியைத் தவறவிட்டால் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கவேண்டும். ஆகையால் கார் ஓட்டவும் கற்றுக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கத்துக்கோம்மா. உன் மேல தப்பில்லை" என்றார் தந்தை.

நம் கல்லூரி வேப்பமரத்தடியிலும் ஆண்டுக்காண்டு இருசக்கர வண்டிகள் பெருகி வருகின்றன. அவற்றில் வரும் நண்பர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. முதல் மணி அடிக்கும்முன் நம்மைக் கொண்டுவந்து சேர்க்க எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிறது என்று கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்பாரில்லாத ஊரில்தான், பேருந்து இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.