உங்களுக்குத் தெரியுமா? நேற்று வந்த டீ!

ஊட்டிக்கு வரும் வெளிநாட்டினர் பலர், டீயை இந்தியர்களின் ஆதிகாலப் பானம் என்றே நம்புகிறார்கள். உண்மையில், 1900 வாக்கில் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு டீ குடிக்கும் பழக்கமே கிடையாது!

• நீலகிரிக்குத் தேயிலை வந்தது 1830-களில். கேத்தி பள்ளத்தாக்கில் சீன ரகத்தைச் சோதனையாக நட்டார்கள்.

• தோட்டங்கள் பெருகிய பிறகும் சரக்கில் பெரும்பகுதி கப்பலேறியது.

• 1903-ல் தேயிலை ஏற்றுமதிக்குத் தனித் தீர்வை விதித்தார்கள். அந்தப் பணத்தில் பிரசாரம் நடந்தது. சந்தைகளிலும் ரயில் நிலையங்களிலும் டீ போட்டுக் காட்டி, நம்மவர்களைக் குடிக்கப் பழக்கினார்கள்.

• இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாலில் கொதிக்கவைப்பது நம் கைவண்ணம். தேயிலைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. காரணம், தூள் குறைவாகச் செலவாகுமே!