மகப்பேற்றுக்குப் பின்னும் காப்பு

மகவு பிறந்தவுடன் தாய்க்குரிய இடர் முற்றும் நீங்கிவிடுவதில்லை. அடுத்துவரும் 42 நாள்களும் கவனத்திற்குரியவை. மிகுதியான குருதிப்போக்கு, காய்ச்சல், உயர் குருதி அழுத்தம் ஆகியவை இக்காலத்திலும் தாயின் உயிருக்கு ஊறு விளைவிக்கும். ஆயினும், செலவுக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் குடும்பங்கள் பல.

இத்தயக்கத்தைப் போக்க, நடுவண் அரசு 2011 ஜூன் 1 அன்று ‘ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி அரசு மருத்துவமனைகளில் மகப்பேறும் அதற்கான அறுவை மருத்துவமும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. மருந்து, பரிசோதனை, குருதி ஆகியவற்றிற்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை. இயல்பான மகப்பேறாயின் 3 நாள்கள் வரையும், அறுவை மகப்பேறாயின் 7 நாள்கள் வரையும் தாய்க்கு உணவு அளிக்கப்படுகிறது. வீடு திரும்ப ஊர்தியும் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் நேரும் சிக்கல்களுக்கான மருத்துவமும் பின்னர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இதற்குக் காப்பீட்டுத் தவணை எதுவும் இல்லை. ஐதராபாத்தின் சைனிக்புரியில் வாழும் தாய்க்கும் தொலைவிலுள்ள சிற்றூர்த் தாய்க்கும் உரிமை ஒன்றே. எனவே, காய்ச்சலோ குருதிப்போக்கோ காணின் வீட்டில் காத்திராமல் உடனே அரசு மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக: மகப்பேற்றுக்குப் பின்னும் தாய்க்கு மருத்துவக் காப்பு தேவைப்படுவது ஏன்?