கையுறைக்காரரும் பத்துச் சதக்காரரும்

மொன்றியலில் ஐந்து மாதக் குப்பை ஒரே வாரத்தில் வெளியே வரும். நவம்பரில் வீசிய கோப்பிக் குவளை, தை மாதத்தில் தவறிய ஒற்றைக் கையுறை, நாய் எச்சம், வழுக்காமலிருக்கத் தூவிய சரளை, கணக்கில்லாத சிகரெட் கட்டைகள் எல்லாம் பனிக்குள் அடுக்கடுக்காகக் கிடந்து, ஏப்ரல் வெயிலில் சேர்ந்தாற்போல் தலைகாட்டும். லொறியில் வாரி ஏற்றிய பனியில் ஒரு பெரிய பங்கு சென்-மிஷேல் பகுதியின் பழைய பிராங்கோன் கற்குழிக்குப் போய், அங்கே கறுத்த மேடாகிக் கோடையிலும் கரைந்துகொண்டிருக்கும். ஏற்றாமல் விட்டது நம் வாசலில்.

அப்போதுதான் 'கொர்வே' தொடங்கும். ஊர்ப்பக்கத்தில் நாம் சிரமதானம் என்று செய்தது. நகரின் வட்டாரங்களில் 1995 முதல் இயங்கிவரும் 'எக்கோ-கார்த்தியே' திட்டத்தில் பெயர் கொடுத்தால் கையுறையும் பையும் விளக்குமாறும் கிடைக்கும். அயலவர் நாலுபேர் சேர்ந்து ஒரு பின்சந்தைக் கூட்டி முடித்துவிடலாம். மே மாதத்தில் மோன் றொயால் மலையைத் துப்பரவாக்க 'லே அமி டு லா மொந்தாஞ்' என்ற மலை நண்பர்கள் அமைப்பு ஆண்டுதோறும் ஆள் சேர்க்கிறது. கோடையில் ஞாயிறுதோறும் கார்த்தியே சிலையடியில் தாம்-தாம் மேளம் கேட்கப் போகிறவர்கள் விட்டுவரும் போத்தல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அளவு தெரியும்.

இந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் கேட்டது இந்தத் தொண்டர்களைப் பற்றித்தான். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மொன்றியல் தெருவில் ஆண்டு முழுவதும், மைனஸ் இருபதிலும், குப்பைக்குள் கைவிடுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு யாரும் கையுறை கொடுப்பதில்லை. அவர்களைத் தொண்டர் என்று யாரும் சொல்வதுமில்லை. பத்துச் சதத்துக்குப் பொறுக்குகிறவர்கள்.

கியூபெக்கில் குளிர்பான ரின்னுக்கு வைப்புப் பணம் வந்தது 1984இல். நெடுங்காலம் பெரும்பாலான ரின்னுக்கு ஐந்து சதம்தான். 2023 நவம்பர் 1 முதல் 100 மில்லிலீற்றரிலிருந்து 2 லீற்றர் வரையான எல்லாப் பான அலுமினிய ரின்னுக்கும் பத்துச் சதம். 2025 மார்ச் 1இல் எல்லாப் பானப் பிளாஸ்டிக் போத்தலும் சேர்ந்தது. அதுவரை பூங்காப் புல்லில் யாரும் திரும்பிப் பாராமல் கிடந்த தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரே நாளில் விலை வந்துவிட்டது. விலையுள்ள பொருள் தெருவில் அதிக நேரம் கிடக்காது. எந்த விழிப்புணர்வுப் பதாகையும் இந்த வேகத்தில் வேலை செய்ததில்லை என்பது என் எண்ணம்.

பொறுக்குகிறவர்கள் யார்? ஓய்வூதியம் போதாத முதியவர்கள், வெல்ஃபேர்க் காசில் மாதக் கடைசியைத் தாண்ட முடியாதவர்கள், வீடற்றவர்கள், வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் புதியவர்கள். இவர்களுக்காக 2012இல் 'லெ வலோரிஸ்த்' என்ற கூட்டுறவு உருவாகி, ஜாக் கார்த்தியே பாலத்தடியில் ரின்னும் போத்தலும் வாங்கும் இடம் நடத்தியது. இது ஒரு தொழில், செய்கிறவருக்கு மரியாதை வேண்டும் என்று உரக்கச் சொன்ன இடம் அது.

நாம் என்ன சொல்கிறோம்? சனிக்கிழமை காலை பூங்காவில் குனிகிறவரைப் படம் பிடித்து முகநூலில் போட்டுப் 'பெருமையாக இருக்கிறது அண்ணா' என்று எழுதுகிறோம். செவ்வாய் இரவு மறுசுழற்சிப் பெட்டியைக் கிளறுகிறவரைக் கண்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கடக்கிறோம். குனிவதும் ஒன்று, எடுப்பதும் ஒன்று. கோப்பை கழுவியும் விடியற்காலையில் பேப்பர் போட்டும் இந்த நகரத்தில் காலூன்றிய சமூகம் நாம். ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறும் நாளில், நடைபாதையில் கிடந்த மேசையைத் தூக்கி வந்து முதல் வீட்டை நிரப்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இருந்தும் குப்பைக்குள் போகும் கையைக் கண்டால் கூசுகிறது. இந்தக் கூச்சம் குளிர்தேசத்தில் வந்ததல்ல, சூட்கேசில் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ தெருக் கூட்டும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

சிரமதானத்தின் வரலாற்றிலேயே இந்தக் கூச்சத்துக்கு விடை இருக்கிறது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவர்களை முதல் முகாமுக்கு அழைத்துப் போனது, ஊரார் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருந்த ரொடியா மக்களின் கனத்தொலுவ கிராமத்துக்கு. அங்கே தங்கி, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதய இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அந்தப் பாதி நமக்கு மறந்து, மண்வெட்டி மட்டும் நினைவிருக்கிறது.

ஒதுக்கிவைக்கும் பழக்கம் இந்த நகரத்துக்கும் புதிதல்ல. லாக்காடி பெருவீதியில் ஒரு கம்பிவேலி உண்டு. 1960இல் போட்டது. கிழக்கே பார்க் எக்ஸ்டென்ஷனின் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகள், மேற்கே வசதியான மவுண்ட் றோயல் நகரம். கிழக்கே தெரு அழுக்காயிருந்தால் குடியிருக்கிறவர்களின் பழக்கம் என்பார்கள். மேற்கே அழுக்காயிருந்தால் கூட்டவேண்டியவர் வரவில்லை என்பார்கள்.

ரின் பொறுக்குகிறவர்கள் பையைக் கிழித்துச் சிதறவிடுகிறார்கள் என்ற முறைப்பாடு உண்டு. சிலர் அப்படிச் செய்வதும் உண்மை. தொண்டர்கள் இலவசமாகக் கூட்டினால் கூலித் தொழிலாளிக்கு வேலை போகும் என்பாரும் உளர்.

என் கவலை வேறு. புதிய முறையில் ரின் வாங்கும் கடமை பெரிய கடைகளுக்கும் தனித் திருப்பு நிலையங்களுக்குமே. 'டெப்பனர்' என்ற மூலைக் கடை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. காரில் போகிறவருக்கு இது வசதி. பழைய ஷொப்பிங் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பனிச்சேற்றில் நடக்கும் எழுபது வயதுக்காரருக்கு? இயந்திரம் ரின்னை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது பின்னால் வரிசையில் நிற்பவர் விடும் பெருமூச்சையும் அவர்தான் கேட்கவேண்டும். விலை கூடியது, விற்கும் இடம் தூரப் போனது.

பத்துச் சதம் எட்டாத குப்பையும் இருக்கிறது. சிகரெட் கட்டையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அதன் வடிகட்டி பஞ்சு போலத் தெரிந்தாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். தெருவோரச் சாக்கடைக்குள் விழுந்துவிட்டால், பெருமழையில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழியும் நாளில் சென் லோறன்ஸ் ஆற்றில் போய்ச் சேரலாம். தொண்டர்கள் குனிய வேண்டிய இடம் இதுதான். அலுக்கும் வேலை, படத்துக்கும் எடுபடாது.

இந்த வசந்தத்தில் கொர்வேக்குப் போகிறவர்கள் இரண்டு பை எடுத்துப் போங்கள். ஒன்று குப்பைக்கு, மற்றது ரின்னுக்கும் போத்தலுக்கும். ரின்னைக் கறுப்புப் பைக்குள் கட்டிவிட்டால் அது குப்பை மேட்டுக்குப் போகும், யாருக்கும் உதவாது. இரண்டாவது பையைத் திறந்தபடி தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். எடுக்க வருகிறவரைக் கண்டால் ஒரு பொன்ஜூர் சொல்லுங்கள். ரின்னை நசுக்க வேண்டாம். நசுங்கியதை இயந்திரம் ஏற்காது.